அக்ரிமென்ட் போட்டு இடம் கைமாற்றும் தொழில்: சேலத்தில் புதிதாக இறங்குபவருக்கு ஒரு முழு வழிகாட்டி

"கைக்கு சென்ட் ஒரு லட்சம் வந்தா போதும் தம்பி. மேல நீ என்ன வச்சுக்கிட்டாலும் எனக்குக் கவலை இல்ல." அயோத்தியாப்பட்டணம் பக்கமோ தாரமங்கலம் பக்கமோ இடம் விற்க நினைக்கும் யாரிடமாவது பேசிப் பாருங்கள், சுற்றிச் சுற்றி இந்தப் பேச்சுக்கு வந்துவிடுவார்கள். அந்த 'மேல'தான் இந்தத் தொழில். வம்பு, வழக்கு, ஊர்ப்பகை எல்லாமும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அமெரிக்காவில் இதற்கு ரியல் எஸ்டேட் ஹோல்சேலிங் என்று பெயர். வீட்டை விற்க அவசரப்படும் ஒருவரிடம் ஒப்பந்தம் போடுவார்கள். வீட்டை வாங்க மாட்டார்கள். கெடு முடிவதற்குள் அந்த ஒப்பந்தத்தை வேறொரு முதலீட்டாளருக்கு மாற்றிக் கொடுத்து, இடையில் ஒரு தொகையை எடுத்துக்கொள்வார்கள். அங்கேயும் இது நல்ல பேர் வாங்கிய தொழில் இல்லை. வயதானவர்களையும் கடனில் சிக்கியவர்களையும் தேடிப் பிடித்து அடிமாட்டு விலைக்கு ஒப்பந்தம் போடுகிறார்கள் என்ற புகார் பல மாநிலங்களில் எழுந்தது. இல்லினாய் மாநிலம் 2019-இல் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் இப்படிச் செய்ய உரிமம் வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. ஓக்லஹோமா 2021-இல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டது. 'கைக்காசு போடாமல் ரியல் எஸ்டேட்' என்ற வீடியோக்களில் இந்தப் பாதி வராது.

நம்மூருக்கு இது புதிதும் இல்லை. அக்ரிமென்ட் போட்டு, அட்வான்ஸ் கொடுத்து, கெடுவுக்குள் பார்ட்டி பிடித்துக் கைமாற்றிவிடுவது சேலத்தில் பல காலமாக நடப்பதுதான். முறையாகச் செய்தால் இதில் சட்ட விரோதம் ஏதும் இல்லை. முறை எது என்பதைத்தான் இனிப் பார்க்கப்போகிறோம்.

1. வாயைத் திறப்பதற்கு முன்: நீங்கள் யார்?

இடத்துக்காரர் முன்னால் நீங்கள் மூன்றில் ஒருவராகத்தான் உட்கார முடியும். தரகர், அக்ரிமென்ட் பார்ட்டி, பவர் ஏஜென்ட்.

தரகர் என்றால் பேசிய கமிஷன் மட்டும்தான் உங்களுடையது. பொதுவாக 1 அல்லது 2 சதவீதம். உங்கள் பணம் எதுவும் உள்ளே இல்லை, எனவே விலையில் ஏறும் லாபமும் உங்களுக்கு இல்லை.

அக்ரிமென்ட் பார்ட்டி என்றால் நீங்கள் வாங்குபவர். சொந்தப் பணத்தை அட்வான்ஸாகக் கொடுத்து, கெடுவுக்குள் முடிக்காவிட்டால் அதில் நட்டப்படவும் தயாராக இருப்பவர். அந்த ஆபத்துக்கான கூலிதான் நீங்கள் எடுக்கும் வித்தியாசம்.

பவர் ஏஜென்ட் என்றால் இடத்துக்காரர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை (பவர்) வைத்து அவருக்காகச் செயல்படுபவர். நீங்கள் இடத்துக்காரரின் ஆள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி முகவர் தன்னை அமர்த்தியவருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். அவருக்குத் தெரியாமல் அந்தக் காரியத்தில் தனக்கென்று சம்பாதித்தால், அதைக் கேட்டு வாங்கும் உரிமை அவருக்கு உண்டு. ஒருவரிடம் பவர் வாங்கிக்கொண்டு அவருக்கே தெரியாமல் 'மேலே வைப்பது' சாமர்த்தியம் இல்லை, சட்டப்படியே தப்பு.

ஒரே ஆளிடம் இரண்டு வேடம் போடுவதில்தான் புதியவர்கள் கெட்டுப்போகிறார்கள். இடத்துக்காரரிடம் "நல்ல பார்ட்டி பிடிச்சுத் தர்றேன்" என்று தரகராகப் பேசுவது, கமிஷனும் வாங்கிக்கொள்வது, அப்புறம் இரு தரப்பும் நேரில் பேசிவிடாமல் பார்த்துக்கொண்டு ஆறு லட்சம் ஏற்றி விற்பது. பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் இருவரும் டீ குடிக்கப் போனால் விலை வெளியே வந்துவிடும். பல சண்டைகள் அந்த டீக்கடையில்தான் ஆரம்பமாகின்றன.

ஆகவே முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்: "ஐயா, நான் தரகு பேச வரலீங்க. நானே அக்ரிமென்ட் போடுறேன். மூணு மாசத்துல நானோ நான் காட்டுற ஆளோ கிரயம் பண்ணிக்குவோம். நான் கூடுதல் விலைக்குக் கைமாத்தி விடுவேன், அதுதான் என் பொழப்பு." இதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் இருப்பார்கள். போகட்டும். உட்கார்ந்து பேசுகிறவர் நாளைக்கு உங்கள் மேல் புகார் கொடுக்க மாட்டார்.

இன்னொன்று. ரேராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவான மனைப்பிரிவு அல்லது அடுக்ககத்தில் விற்றுக் கொடுக்க வேண்டும் என்றால், 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி முகவராக உங்கள் பெயரும் ரேராவில் பதிவாகியிருக்க வேண்டும். தனி விவசாய நிலம், பழைய வீடு என்று இருக்கும்வரை இந்தக் கேள்வி வராது.

2. மூன்று கிராமம் போதும்

சேலம் மாவட்டம் முழுக்கச் சுற்றாதீர்கள். ஓமலூர், காமலாபுரம், கருப்பூர் ஒரு பக்கம் என்றால் அது மட்டும். மல்லூர், பனமரத்துப்பட்டி என்றால் அது மட்டும். எந்தக் கிணற்றில் தண்ணீர் நிற்கும், எந்தப் பங்காளிகள் பேச்சுவார்த்தையில் இல்லை, எந்தத் தடத்தில் மழைக்காலத்தில் டிராக்டர் இறங்காது என்பதெல்லாம் தெரிந்தால்தான் விலை தெரியும். பதிவுத்துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பைப் பார்க்கலாம், ஆனால் அது முத்திரைத்தீர்வைக்கான கணக்கு. சந்தை விலை அதற்கு மேலும் இருக்கும், கீழும் இருக்கும்.

வதந்தியை விலையில் ஏற்றாதீர்கள். 2018-இல் சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்கு நிலம் அளக்க ஆரம்பித்தபோது விவசாயிகள் அழுதுகொண்டிருந்தார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், புதிதாக அறிவிக்கை வெளியிட்டு எடுக்கத் தடையில்லை என்றது. இப்படி ஒரு திட்டம் ஏறி இறங்கும் இடைவெளியில் "ரோடு வருது" என்று சொல்லி ஒருவருக்கு விற்பதும், "ரோட்டுக்குப் போயிரும்" என்று பயமுறுத்தி ஒருவரிடம் வாங்குவதும் ஒரே குணத்தின் இரண்டு முகம்.

3. இடத்துக்காரரிடம் பேசுவது

இந்தத் தொழிலின் அறம் முழுக்க இந்த ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பேப்பர் வேலையை வக்கீல் சரி பார்த்துவிடுவார். இதை யாரும் உங்களுக்காகச் சரி பார்க்க மாட்டார்கள்.

அவசரத்தில் இருப்பவர்தான் குறைந்த விலைக்குக் கொடுப்பார். ஆஸ்பத்திரிச் செலவு, மகள் கல்யாணம், தறி நின்றுபோன கடன். அவசரத்துக்கு ஒரு விலை உண்டு. பணத்தைச் சீக்கிரம் கொடுப்பவர் கொஞ்சம் குறைத்துக் கேட்பது நியாயமே. ஆனால் உங்களிடம் சீக்கிரம் கொடுக்கும் பணம் இருக்கிறதா? அதுதான் கேள்வி. கையில் ஐம்பதாயிரம் வைத்துக்கொண்டு மூன்று மாதக் கெடு போடுபவர், நாளைக்கே ஆஸ்பத்திரியில் கட்ட வேண்டிய ஒருவரின் இடத்தைக் கட்டிப்போடுகிறார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவரை நேராக வாங்குகிற ஒருவரிடம் அழைத்துப்போய்க் கமிஷன் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு நீங்கள் தரகர்.

தனியாக இருக்கும் வயதான அம்மாவிடம் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு இப்படிப் போகும்:

"ஆயா, இந்த நாப்பது சென்ட்டும் உங்க பேருலயா, தாத்தா பேருலயா?"

"அவரு பேருலதான் கண்ணு. அவரு போய்ச் சேர்ந்து ஆறு வருசமாச்சு."

"புள்ளைங்க?"

"பையன் ஒசூர்ல. பொண்ணு ரெண்டு. கட்டிக் குடுத்தாச்சு. அதுங்க ஒண்ணும் கேக்காதுங்க."

இங்கே நிறுத்துங்கள். "அதுங்க ஒண்ணும் கேக்காதுங்க" என்பதை நம்பி அட்வான்ஸ் கொடுத்தவர்கள் நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். கணவர் உயில் எழுதி வைக்காமல் இறந்திருந்தால் மனைவி, மகன், மகள்கள் எல்லோரும் வாரிசு. பூர்வீகச் சொத்திலும் பெண்களுக்குப் பங்கு உண்டு: தமிழ்நாட்டில் 1989-இலேயே திருமணமாகாத பெண்களுக்கு வந்தது, 2005-இல் மத்தியச் சட்டம் எல்லாப் பெண்களுக்கும் கொடுத்தது, 2005-இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கட்டிக் கொடுத்த பெண்ணின் கையெழுத்து இல்லாத கிரயம் அரைக்கிரயம்தான்.

எனவே அடுத்த பேச்சு பையனும் இரண்டு பெண்களும் இருக்கும்போது. பேசும் விலை அவர்கள் எல்லோர் காதிலும் விழட்டும். பக்கத்தில் சமீபத்தில் என்ன விலைக்குப் போனது என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் அதற்குக் குறைவாகக் கேட்பது ஏன் என்பதையும் சொல்லுங்கள்: தடம் குறுகல், கிணற்றில் கால் பங்குதான், பேப்பர் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. காரணம் சொல்ல முடியாத குறைவு என்றால் அது ஏமாற்று. பேசிய அன்றே கையெழுத்து கேட்காதீர்கள். நகலைக் கொடுத்து, தெரிந்த வக்கீலிடமோ ஊர்ப் பெரியவரிடமோ காட்டச் சொல்லி ஒரு வாரம் விடுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் அவர் பிள்ளைகளில் ஒருவர் முன்னால் வரிவரியாக வாசித்துக் காட்டுங்கள்.

4. பேப்பர்

வரிசை முக்கியம். பலர் முதலில் பட்டாவைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படுகிறார்கள். பட்டா வருவாய்த்துறை ஆவணம். உரிமை பத்திரத்தில்தான் இருக்கிறது. 1980-களில் நடந்த யூடிஆர் (நில உடைமைப் பதிவு மேம்பாடு) பதிவின்போது பெயர் மாறி விழுந்த பட்டாக்கள் இன்றைக்கும் ஊர் ஊருக்கு இருக்கின்றன.

முதலில் அசல் மூலப்பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஜெராக்ஸ் வேண்டாம். அசல் வீட்டில் இல்லை, 'ஒருத்தர்கிட்ட இருக்கு' என்றால், அந்த ஒருத்தர் பெரும்பாலும் வட்டிக்குக் கொடுத்தவர். வெறும் கைமாற்றுக் கடனுக்குப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டால் அது வில்லங்கச் சான்றில் ஏறாது.

அப்புறம் ஈசி, அதாவது வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். குறைந்தது 30 ஆண்டுக்குப் போடுங்கள்; அதற்கும் முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்குங்கள். புல எண்ணை மட்டும் கொடுத்துத் தேடாதீர்கள். உட்பிரிவுக்கு முந்தைய பழைய எண்ணிலும் போடுங்கள். 112/2 என்று இன்றைக்கு இருப்பது முன்பு வெறும் 112 ஆக இருந்திருக்கும், அந்த எண்ணில் ஓர் அடமானம் இன்னும் தீராமல் படுத்திருக்கும். ஈசியில் பதிவான விஷயங்கள்தான் வரும். பதிவு செய்யாத உயில், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, வாய்ப்பேச்சுப் பாகப்பிரிவினை எதுவும் அதில் தெரியாது. அதற்குப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். அரை மணி நேரம் பேசினால் மூன்று தலைமுறைக் கதை வரும்.

மூன்றாவதாகப் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம். எல்லாமே 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையச் சேவையில் கிடைக்கும். பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஹெக்டேர்-ஏர்ஸ் என்று இருக்கும். ஓர் ஏர்ஸ் என்பது 2.47 சென்ட். பத்திரத்தில் 40 சென்ட் இருந்து பட்டாவில் 0.15.00 ஹெக்டேர் இருந்தால் அது 37 சென்ட்தான். மூன்று சென்ட் எங்கே போனது? ரோட்டுக்கா, ஓடைக்கா, பக்கத்துக்காரர் வரப்புக்கா? இதை அட்வான்ஸுக்கு முன்பே கேட்காவிட்டால், கடைசியில் வாங்குபவர் சர்வேயரோடு வந்து அளக்கும்போது உங்கள் லாபம் அந்த மூன்று சென்ட்டில் போய்விடும்.

அ-பதிவேட்டில் நிலத்தின் வகையைப் பாருங்கள். நீர்நிலை, மேய்க்கால், கோவில், பூமிதானம் என்று இருந்தால் கும்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். 'டி.சி. நிலம்' அல்லது பஞ்சமி நிலம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1892-இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து பட்டியல் சமூகத்தாருக்கென்று ஆங்கில அரசு ஒதுக்கிய நிலங்கள் அவை. அவர்களுக்கு வெளியே கைமாறக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்டவை. 'எல்லாரும் வாங்கித்தான் வச்சிருக்காங்க' என்பார்கள். வாங்கி வைத்திருப்பவர்கள் செய்த தப்பில் நாம் பங்கு கேட்க வேண்டியதில்லை.

காடாக இருந்தால் இன்னும் சில கேள்விகள்: வண்டித்தடம் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, சும்மா மாமூல் தடமா? கிணற்றில் எத்தனை பாகம்? இலவச மின்சார சர்வீஸ் யார் பெயரில்? குத்தகைக்கு யாராவது ஓட்டுகிறார்களா? பயிரிடும் குத்தகைதாரருக்கு 1955-ஆம் ஆண்டிலிருந்தே சட்டப் பாதுகாப்பு உண்டு. "சொன்னா எழுந்துருவான்" என்பதை நம்ப வேண்டாம்.

5. ஏற்காட்டு நிலம் வேறு விஷயம்

இருபது கொண்டை ஊசி ஏறினால் விதி எல்லாமே மாறிவிடும். சேர்வராயன் மலை, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருகிறது. ஹாகா என்று சொல்வார்கள். மனை பிரிக்கவோ கட்டடம் கட்டவோ வனம், வேளாண் பொறியியல், புவியியல் மற்றும் சுரங்கம் ஆகிய துறைகளின் கருத்தும் வேண்டும். சில்வர் ஓக் மரத்தை இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. தனியார் காடாக அறிவித்த நிலம் என்றால் 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்பதற்கே மாவட்டக் குழுவின் முன் அனுமதி வேண்டும். காப்பித் தோட்டங்களுக்கு 1961-ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அது தோட்டமாக இருக்கும்வரைதான். எஸ்டேட்டைத் துண்டு போட்டு 'ரிசார்ட் மனை' என்று விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

மலையாளிப் பழங்குடி மக்களின் நிலம் எனக்குத் தொடக்கூடாத நிலம். அரசு நிபந்தனையோடு ஒப்படை செய்த நிலம் என்றால் பிறருக்குக் கைமாற்றக் கூடாது என்பது சட்டப் பிரச்சினை. நிபந்தனை இல்லாவிட்டாலும், நாகலூர் பக்கமோ வெள்ளக்கடை பக்கமோ அரை ஏக்கர் மிளகும் காப்பியுமாக வைத்திருக்கும் ஒரு குடும்பத்திடம் கீழே இருந்து வந்த ஒருவர் அக்ரிமென்ட்டை நீட்டும்போது, விலை தெரிந்தவரும் தெரியாதவரும் பேசும் பேச்சாகவே அது இருக்கும். முதல் இரண்டு ஆண்டு மலைப்பக்கமே போகாதீர்கள் என்பேன். அடிவாரத்தில் கன்னங்குறிச்சி, கோரிமேடு வரையில் வேலை நிறையவே இருக்கிறது.

6. அக்ரிமென்ட்டில் என்ன இருக்க வேண்டும்

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: கிரய ஒப்பந்தம் நிலத்தில் எந்த உரிமையையும் தானாக உண்டாக்காது. உங்களிடம் இருப்பது நிலம் இல்லை, நிலத்தை எழுதித் தரும்படி கேட்கும் உரிமை. நீங்கள் கைமாற்றுவதும் அதைத்தான்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தமும், நிலம் சம்பந்தப்பட்ட பவரும் கட்டாயப் பதிவு ஆவணங்கள். வெறும் முத்திரைத்தாளில் நோட்டரி முத்திரை குத்தி வைத்துக்கொள்வதை இன்றும் சிலர் செய்கிறார்கள். தகராறு வந்தால் அதை வைத்துக்கொண்டு நிற்பது சிரமம்.

பவரை வைத்தே விற்றுவிடலாம் என்ற பழைய வழி வேண்டாம். பவர் மூலம் நடக்கும் விற்பனை உரிமையை மாற்றாது என்று 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதோடு, பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் போய்விடும். அவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றைப் பதிவின்போது கேட்பார்கள்.

ஷரத்துகளில் முக்கியமானது, "கிரயம் பெறுபவர் தன் பெயரிலோ, தான் குறிப்பிடும் நபர் பெயரிலோ கிரயம் பெற்றுக்கொள்ளலாம்" என்பது. இது இல்லாமல் கைமாற்றப் போனால் இடத்துக்காரர் முடியாது என்று சொல்ல வாய்ப்பு உண்டு. சொல்லாமல் விட்டுவிட்டுப் பின்னால் நுழைப்பதுதான் அசிங்கம். படித்துக் காட்டிய பிறகு எழுதுவது நேர்மை.

அடுத்தது அட்வான்ஸ். இடத்துக்காரர் மூன்று மாதம் வேறு யாருக்கும் விற்காமல் காத்திருப்பதற்கு அது ஈடாக இருக்க வேண்டும். 40 லட்ச ரூபாய் இடத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் டோக்கன் கொடுத்துக் கட்டிப்போடுவது அக்ரிமென்ட் இல்லை.

வெள்ளாமையை மறக்காதீர்கள். நம் பக்கத்து நிலங்களில் பாதியில் மரவள்ளி நிற்கும். பிடுங்க ஒன்பது பத்து மாதம் ஆகும். நிற்கிற கிழங்கு யாருக்கு, எந்த மாதம் நிலத்தைக் காலி செய்து கொடுப்பார் என்று எழுதாததால் கிரயத்தன்று பதிவு நின்றுபோவது உண்டு. தோட்டமாக இருந்தால் தென்னங்காய், புளி என்று இந்தப் பட்டியல் நீளும்.

கடைசியாக, பெரும்பாலான புதியவர்கள் எழுதாத ஷரத்து: கெடுவுக்குள் முடியாவிட்டால், இத்தனை நாளில் நீங்களே உங்கள் செலவில் வந்து ரத்து ஆவணத்தில் கையெழுத்துப் போடுவீர்கள் என்பது. இதைப் பற்றிக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

7. வாங்கும் பார்ட்டி

ஆள் கிடைத்த பிறகு அக்ரிமென்ட் போடுவது புத்திசாலித்தனம், போட்ட பிறகு ஆள் தேடுவது சூதாட்டம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள், சேகோ ஆலைக்காரர்கள், பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருந்துகொண்டு ஊரில் ஓர் ஏக்கர் தேடும் பிள்ளைகள். யாருக்கு என்ன தேவை, எவ்வளவு ரொக்கமாக இருக்கிறது, யாருக்கு பாங்க் கடன் வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வையுங்கள். கடன் வாங்கிக் கட்டுபவருக்கு மூன்று மாதக் கெடு போதாது.

விளம்பரத்தில் 'ஓனர் டைரக்ட், புரோக்கர் வேண்டாம்' என்று போடாதீர்கள். இந்தப் பொய் ஏனோ யாருக்கும் பொய்யாகவே தெரிவதில்லை. 'அக்ரிமென்ட் பார்ட்டி' என்று போடுங்கள். விவரம் தெரிந்தவர்கள் அதை மதிப்பார்கள்.

சொல்லக் கூடாதது இன்னொன்று: "டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறையின் மனை அங்கீகாரம்) வாங்கிடலாம்." வாங்கினால் வாங்கியது, வாங்காவிட்டால் இல்லை. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில், 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவாகாத துண்டை வாங்கியவர் அதைப் பதிவு செய்வதற்கே அல்லாடுவார். விவசாய நிலத்தை விவசாய நிலமாகவே சொல்லி விற்றுவிடுங்கள். நீங்கள் கண்டுபிடித்த குறை எல்லாவற்றையும், அந்த மூன்று சென்ட் உட்பட, பார்ட்டியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். குறை தெரிந்து வாங்கியவர்தான் அடுத்த இடத்துக்கும் உங்களையே கூப்பிடுவார்.

8. கணக்கு

ஓர் உதாரணம். 40 சென்ட், சென்ட்டுக்கு ஒரு லட்சம், ஆக 40 லட்சத்துக்கு அக்ரிமென்ட். பார்ட்டி 46 லட்சம் தர ஒப்புக்கொண்டார்.

நீங்கள் முதலில் உங்கள் பெயருக்கு எழுதி, அப்புறம் அவருக்கு எழுதிக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் 3 லட்சத்து 60 ஆயிரம். உங்கள் ஆறு லட்சத்தில் மிச்சம் 2 லட்சத்து 40 ஆயிரம், அதற்கு மேல் வக்கீல், சர்வே, போக்குவரத்து. அதனால்தான் இடத்துக்காரரே நேராகக் கடைசிப் பார்ட்டிக்கு எழுதிக் கொடுக்கும் வழி.

அந்த வழியில் உங்கள் ஆறு லட்சம் எங்கே எழுதப்படுகிறது என்பதுதான் சிக்கல். வழக்கமாக என்ன செய்கிறார்கள்? பத்திரத்தில் ஏதோ ஒரு தொகை, வித்தியாசம் பையில் ரொக்கமாக. இல்லாவிட்டால் பத்திரத்தில் 46 லட்சம் என்று முழுதாகப் போட்டு, இடத்துக்காரர் கையில் 40 மட்டும். இரண்டாவதில் அந்த ஆயா 46 லட்சம் வாங்கியதாக வருமானவரித்துறை எடுத்துக்கொள்ளும். வாங்காத ஆறு லட்சத்துக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். சேலம் மாநகராட்சி எல்லையிலிருந்து 6 கிலோமீட்டருக்குள் இருக்கும் விவசாய நிலத்துக்கும் மூலதன ஆதாய வரி உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

சரியான வழி முத்தரப்புக் கிரயம். இடத்துக்காரர் விற்பவர், பார்ட்டி வாங்குபவர், நீங்கள் ஒப்புதல் தரப்பினராகக் கையெழுத்துப் போடுகிறீர்கள். மொத்தக் கிரயம் 46 லட்சம். அதில் 40 இடத்துக்காரருக்கு, 6 ஒப்பந்த உரிமையை விட்டுக்கொடுத்ததற்காக உங்களுக்கு, இன்ன காசோலை எண், இன்ன பாங்க் என்று ஆவணத்திலேயே வரும். மூன்று பேருக்கும் மூன்று பேரின் தொகையும் தெரியும். அப்படித் தெரிந்தால் கூச்சமாக இருக்கும் அளவுக்கு வித்தியாசம் வைத்திருந்தால், அந்த வித்தியாசத்தில்தான் கோளாறு. உங்கள் ஆறு லட்சத்துக்கு வரி கட்டுங்கள். எந்தத் தலைப்பில் காட்டுவது என்று ஆடிட்டர் சொல்வார்.

ரொக்கம் பற்றி ஒரு வார்த்தை. அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. அட்வான்ஸும் இதில் அடங்கும். 2015 ஜூனிலிருந்து இதுதான் விதி. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் வாங்கியவருக்கு. ஆக நீங்கள் வசதிக்காக நீட்டும் இரண்டு லட்சம் ரொக்கத்துக்குத் தண்டம் கட்டப்போவது இடத்துக்காரர். இரு தரப்புக்கும் விவசாய வருமானம் மட்டும் என்றால் விலக்கு இருக்கிறது, ஆனால் நீங்கள் தொழில் செய்ய வந்தவர். பாங்க் மூலமே கொடுங்கள். கிரயத் தொகை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடித்துக் கட்ட வேண்டும். கிராமப்புற விவசாய நிலத்துக்கு மட்டும் இது இல்லை. அன்றைக்கு இடத்துக்காரர் "பணம் குறையுதே" என்று பதறாமல் இருக்க, முந்தைய வாரமே சொல்லி வையுங்கள்.

9. ஆள் கிடைக்கவில்லை என்றால்

கெடு முடிவதற்குப் பதினைந்து நாள் முன்பே இடத்துக்காரரிடம் போய் நிலைமையைச் சொல்லுங்கள். கடைசி நாள் வரை போனை எடுக்காமல் இருப்பது இந்தத் தொழிலின் தேசிய வியாதி. மூன்று வழிகள் உண்டு. நீங்களே வாங்குவது; கெடுவை நீட்டிக் கேட்பது, அதற்குக் கூடுதல் அட்வான்ஸ் கொடுப்பது; விட்டுவிடுவது.

விட்டுவிடுவது என்றால் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வது இல்லை. பதிவு செய்த உங்கள் அக்ரிமென்ட் அவருடைய ஈசியில் உட்கார்ந்திருக்கிறது. கெடு முடிந்தாலும் அது தானாகப் போகாது. அடுத்து வரும் எந்தப் பார்ட்டியும், எந்த பாங்க் வக்கீலும் அந்த வரியைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்பார்கள். ரத்து ஆவணம் பதிவாக உங்கள் கையெழுத்து வேண்டும். அதற்காக இடத்துக்காரர் உங்கள் பின்னால் அலைவதும், "செலவுக்கு ஒரு லட்சம் குடுங்க, வந்து போட்டுத் தர்றேன்" என்று அக்ரிமென்ட் பார்ட்டி பேரம் பேசுவதும் நம்மூரில் நடக்கிற கொடுமை. அது வியாபாரம் இல்லை, மிரட்டிப் பறிப்பது.

அட்வான்ஸ் திரும்பி வருமா என்பது நீங்கள் எழுதிய ஷரத்தைப் பொறுத்தது. முழுதும் போனாலும் அது மூன்று மாதக் காத்திருப்புக்கான விலைதான். பேப்பர் குறையால் நின்றது என்றால் திரும்பக் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பணம் கைக்கு வரும்வரை ரத்துக் கையெழுத்தை நிறுத்தி வைப்பதாக இருந்தால், அதையும் அக்ரிமென்ட்டிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் நிறுத்தி வைக்காதீர்கள். ரத்து பதிவான பிறகு புதிதாக ஓர் ஈசி போட்டு, ரத்து ஏறியிருப்பதைப் பார்த்து, ஒரு நகலை அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர் பத்திரத்தின் ஜெராக்ஸ், ஆதார் நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று நீங்கள் வாங்கி வைத்திருந்தது எல்லாவற்றையும் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.